முள் எடுத்த சேதி

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் துறையில் பல பேர் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரே படகையும் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் வித்தை. பெரியவரும் சின்னவரும் அதை வருஷக்கணக்கில் செய்தார்கள். அதில் அவர்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நடுவில் ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

அவள் பெரியவரின் மனைவி. சின்னவர் அண்ணி என்று கூப்பிட, துறையில் எல்லாருக்குமே அவள் அண்ணி ஆகிவிட்டாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் ஒருத்திதான் ‘ஏம்மா’ என்பேன்.

துறையின் முனையில் கயிறு, ஆணி, பெயிண்ட், தார் விற்கும் கடை என்னுடையது. கடை வாசலுக்கு நேர் எதிரே அவர்கள் படகு கட்டும் முளை. பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அது கண்ணில் படும். ஆகவே இதையெல்லாம் நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படகு அப்பா காலத்துப் பாய்ப்படகு. எதிரே இருக்கும் தீவில் கல் உடைக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கேன், காய்கறி, ரொட்டி, முட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் இந்தப் படகில்தான் போகும். காலையில் கரைக்காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும், பகல் திரும்பினால் கடல்காற்று கொண்டுவந்து விடும். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் பாயைப் பார்க்க என்று இரண்டு ஆள் வேலை அது. பேச்சு நின்ற பிறகு ஒரு நாள் அண்ணன் தனியாகப் போவார், மறுநாள் தம்பி தனியாகப் போவார். சுக்கான் பிடியை முழங்காலால் அமுக்கிக்கொண்டு கையால் பாய்க்கயிற்றை இழுப்பார்கள். பார்க்கிற நமக்கு இடுப்பு வலிக்கும்.

சண்டை ஒரு என்ஜினால் வந்தது. சின்னவருக்குப் படகில் என்ஜின் மாட்ட ஆசை. பெரியவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்துச் சின்னவர் ஒரு என்ஜின் சட்டத்தை வாங்கிவந்து, படகின் பின்பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு அதை முடுக்கிவிட்டார். திரும்பி வந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தைக் கழற்றினார், தூக்கிக் கடலில் எறிந்தார், ஓட்டைகளுக்கு மரக்கட்டையை அடித்து இறுக்கி மேலே பெயிண்ட் பூசினார். அந்தப் பெயிண்டும் என் கடையில் வாங்கியதுதான். அன்றோடு இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேசுவது போயிற்று.

அவர்கள் வீட்டில் சமையலறை நடுவில் இருக்கிறது. முன்னறை அண்ணனுக்கு, பின்னறை கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட தம்பிக்கு. இங்கே சொல்வது அங்கே கேட்கும். கேட்டாலும் கேட்டதாகக் கணக்கில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொன்னால்தான் கணக்கு.

"அந்தத் தொரைகிட்ட சொல்லு. பாயை ஈரத்தோட சுருட்டி வெச்சா பூஞ்சை பிடிக்காம பூவா பூக்கும்?" என்பார் பெரியவர்.

அவள் பின்னறை வாசலில் போய் நின்று, "பாயைக் கொஞ்சம் காய வெச்சுட்டுச் சுருட்டணுமாம்" என்பாள்.

"முதல்ல அவரைக் கப்பிக்கு எண்ணெய் விடச் சொல்லுங்க அண்ணி. கஞ்சப் பிசினாறி. எண்ணெய் என்ன அவரு ரத்தமா?"

இவள் முன்னறைக்கு வந்து, "கப்பி கொஞ்சம் கத்துதாம். எண்ணெய் விட்டா நல்லதாம்" என்பாள்.

நான் ஒரு தடவை கேட்டேன். "ஏம்மா, உனக்கு அலுக்கலையா?"

"பழகிடுச்சுக்கா. மீன்ல முள்ளு எடுக்கிற மாதிரிதான். யோசிக்கவே வேணாம், கையே செஞ்சுடும்."

"ஓட்டைப் பேச்சு வந்தா?"

"அதை மட்டும் அந்தப் பக்கம் போகவே விடமாட்டேன். ஓட்டைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அன்னிக்கு ரெண்டு பேரும் சாப்பிட மாட்டாங்க. ஆக்கினதெல்லாம் வீணாப் போகும்."

ஒரு தடவை பல் வலியில் அவள் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. வீங்கிய கன்னத்தோடு முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்தாளாம். என்னிடம் கிராம்பு கேட்டு வந்தபோது, வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். "அவங்க கேக்கலையே" என்றாள். இத்தனை பேச்சு அவள் வாய் வழியாகப் போகிறது, அதில் அவளுடையது என்று ஒரு சொல் கிடையாது. எனக்கு அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேர் மீதும் அப்படி ஒரு ஆத்திரம் வரும். ஆனால் வாடிக்கைக்காரர்களை என்ன சொல்ல முடியும்!

அன்று சின்னவருடைய முறை. வானம் மப்பாக இருந்தது, காற்று பரவாயில்லை. தண்ணீர் கேன்களை ஏற்றிவிட்டு, பாய் கட்ட ஒரு துண்டுக் கயிறு வாங்க வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

"அக்கா, கேட்டீங்களா கதையை. இன்னிக்குப் படகை எடுக்கக் கூடாதாம். உத்தரவு வந்திருக்கு."

"ஏனாம்?"

"ஏன் எதுக்குன்னு எல்லாம் கிடையாது. ராஜா சொன்னா கேட்டுக்கணும். அண்ணிகிட்ட காரணம் கேட்டேன், ‘தெரியல, எடுக்க வேண்டாம்னாரு’ன்னாங்க. அங்க தீவுல ஆளுங்க தண்ணிக்கு உக்காந்திருக்காங்க. இவரு நெனச்சா நிறுத்துறதுக்கு இது என்ன இவரு கட்டின படகா?"

"காத்து சரியில்லைன்னு நெனச்சாரோ என்னவோ."

"காத்துக்கு என்னக்கா, தங்கமா அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாய் ஏறியது. நான் ஆணி எடைபோட உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் வராமலே பொழுது ஏறியது. மரக்கடைப் பக்கமிருந்து பெரியவர் வந்தார், தோளில் புதிதாக அறுத்த ஒரு பலகை. படகு கட்டும் முளைக்கு எதிரே வந்து நின்றார். முளையில் கயிறு இல்லை.

"படகு எங்கக்கா?"

"உங்க தம்பி காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டாரே."

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. பலகையைத் தோளில் இருந்து இறக்கவும் மறந்து நின்றார்.

"சொன்னேனே" என்றார். "நேத்து ராத்திரி சாப்பிடும்போது அவகிட்ட சொன்னேனே. சின்னவன் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேனே."

பலகை கீழே விழுந்தது. அவர் துறை முனைக்கு ஓடினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

பாதிக் கடலில் பாய் தெரிந்தது. முதலில் பார்த்தபோது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. காற்று கொஞ்சம் வலுத்தது. திடீரென்று படகு முகத்தைத் திருப்பிக் காற்றுக்கு எதிரே நின்றது. பாய் உதறியது. பிறகு மறுபக்கம் சாய்ந்தது, பாய் படாரென்று அந்தப் பக்கம் போனது. மறுபடி திரும்பியது. ஓட்டுகிற ஆள் இருக்கும் படகு அப்படிப் போகாது.

"சுக்கான் போச்சு" என்றார் பெரியவர்.

தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை வரிசை இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மூடிக்கொள்ளும், இறங்கினால் பல்லைக் காட்டும். காற்று படகை அந்தப் பக்கம்தான் தள்ளிக்கொண்டிருந்தது. பாய் மேலே இருக்கும் வரைக்கும் படகு வேகமாகப் போகும். அது எங்கே போக வேண்டும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

அதற்குள் யாரோ வீட்டில் சொல்லி அவளும் ஓடி வந்துவிட்டாள். கையெல்லாம் மாவு. மூச்சு வாங்க எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். பெரியவர் கடலில் இருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"பாயை இறக்கச் சொல்லு! பெரிய பாயை இறக்கச் சொல்லு அவனை!"

அவள் உடனே கிளம்பினாள். சத்தியமாகச் சொல்கிறேன், பின்னறைக்குப் போகிற மாதிரியே கிளம்பினாள். இரண்டு எட்டு வைத்தாள், துறை முடிந்துவிட்டது. கீழே தண்ணீர். விளிம்பில் நின்று வாயைத் திறந்தாள். அதில் சத்தம் வரவில்லை. அப்படி ஒரு நிலையில் ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

பிறகுதான் பெரியவர் அவளை விலக்கிவிட்டுத் தானே கத்தினார். "தம்பி! பாயை இறக்குடா! டேய், இறக்குடா!"

இத்தனை வருஷத்தில் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு. அது பாதி தூரம்கூடப் போயிருக்காது. காற்று கரையிலிருந்து அடித்தாலும் அவ்வளவு தொலைவுக்கு மனிதக் குரல் எட்டுமா? அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

நெட்டை என்று ஒருவன், மீன்பிடிக்கிறவன், அவனுடைய மோட்டார் படகு கரையில் இருந்தது. கூப்பிடுவதற்குள்ளாகவே அவன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். பெரியவர் அதில் குதித்தார். அவளும் ஒரு காலை எடுத்து வைக்கப் போனாள்.

"நீ எதுக்கு?" என்றார் பெரியவர். படகு போய்விட்டது.

நானும் அவளும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மழை மூட்டம் இறங்கிக் கடலில் ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டது. தீவு இல்லை, பாறை இல்லை, பாய் இல்லை. சாரலில் அவள் கையில் இருந்த மாவு கரைந்து முழங்கை வழியாக ஒழுகியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவளுக்கு.

"என்னம்மா சொன்னாரு உன்கிட்ட?" என்று கேட்டேன்.

அவள் கடலைப் பார்த்தபடியே பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "‘அந்த அறிவாளிகிட்ட சொல்லு. அவன் போட்ட ஓட்டை வழியா தண்ணி இறங்கிப் பின்பலகை உள்ளுக்குள்ள இத்துப்போச்சு. விரலை வெச்சா உள்ள போகுது. சுக்கான் கீலு எந்நேரமும் பிடுங்கிட்டு வரும். நாளைக்கு எடுக்க வேணாம், நான் பலகை வாங்கப் போறேன்.’ இதுதான் சொன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்குப் படகை எடுக்க வேண்டாமாம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"ஏன்னு கேட்டாரு. தெரியலைன்னுட்டேன். ஓட்டைன்னு வந்துச்சேக்கா. கீலு, பலகைன்னு எதைச் சொன்னாலும் ஓட்டைக்குத்தான் போகும். அது வேண்டாமேன்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன். எடுத்ததுல இது இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. முள்ளுன்னு நெனச்சுத்தான் எடுத்தேன்."

அவளைக் கடைக்குள் வந்து உட்காரச் சொன்னேன். வரவில்லை. சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிப் பிடித்துக்கொண்டாள், குடிக்கவில்லை. கடைக்கு ஆள் வந்து குரல் கொடுக்கவும் நான் போக வேண்டியதாயிற்று. கயிறு அளந்துகொண்டே பார்த்தேன். மழையில் துறை முழுக்கக் காலி. முனையில் அவள் மட்டும் நின்றாள், கையில் ஆறிப்போன டீயோடு.

மோட்டார் சத்தம் முதலில் கேட்டது, பிறகுதான் படகு தெரிந்தது. பின்னால் கயிற்றில் இவர்கள் படகு, பாய் இறக்கிக் கிடந்தது. அதில் இரண்டு தலைகள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நடந்தது இதுதான். அழுகிய கட்டையைப் பிய்த்துக்கொண்டு கீழ்க் கீல் வந்துவிட்டது. சுக்கான் மேல் கீலில் தொங்கி, முறுக்கி, அதையும் பிடுங்கிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. சின்னவர் தானாகவே பாயை இறக்கியிருக்கிறார், துடுப்பைப் பின்னால் போட்டுத் திருப்பப் பார்த்திருக்கிறார், முடியாமல் நங்கூரத்தை வீசியிருக்கிறார். அது இரண்டு தடவை இழுபட்டு, பாறைக்குக் கிட்டத்தில் போய்ப் பிடித்தது. நெட்டை போய்ச் சேர்ந்தபோது அலை பாறையில் அடிக்கும் நுரை சின்னவர் முகத்தில் தெறித்துக்கொண்டிருந்ததாம்.

படகு துறையில் அணைந்தபோது அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாக, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி.

"கீழ ரெண்டு திருகாணியும் கட்டையோடவே வந்துடுச்சுண்ணே."

"மேல உள்ளது?"

"மேல உள்ளது கொஞ்சம் தாங்குச்சு. அப்புறம் அதுவும் போச்சு."

"போனா போகுது. நீ ஏறு முதல்ல."

முதல் வார்த்தையை யார் பேசியது, என்ன பேசியது என்பது அவர்களுக்கும் நெட்டைக்கும்தான் தெரியும். நெட்டை அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். அத்தனை வருஷம் அந்த வீட்டின் ஒவ்வொரு சொல்லும் அவள் வழியாகப் போனது. அவள் கேட்க ஏங்கிய சொல் கடலில், மழைக்குள், அவள் இல்லாத இடத்தில் சொல்லப்பட்டுவிட்டது.

அவள் ஓடிப்போய் நின்றாள். சின்னவர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "ஏன் அண்ணி, முழுசாச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

"அவகிட்ட சொன்னது என் தப்புடா" என்றார் பெரியவர். "நேரா உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க வீட்டுக்கு நடந்தார்கள். அவள் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பேசி ஓயவில்லை. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, அழுகிய பலகையை அறுத்து எடுத்து, புதுப்பலகையை இழைத்தார்கள். விடிந்தால் பேச்சு, விளக்கு வைத்தாலும் பேச்சு. பித்தளைத் திருகாணி வாங்க இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். எந்த அளவு என்பதில் என் கடை வாசலிலேயே சண்டை, அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெரியவர் என்ஜினுக்கும் தலையாட்டிவிட்டார் என்று கேள்வி. துறையில் எல்லாருக்கும் நிம்மதி. நல்லதுதானே, எனக்கும்தான்.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். அவள் டீ கொண்டுவந்து படகுக்குப் பக்கத்தில் வைப்பாள். அவர்கள் பேச்சை விடாமல், அவள் பக்கம் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். முன்னெல்லாம் சேதி சொல்வதற்காகவாவது அவள் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது அதற்கும் வேலை இல்லை. அவள் கொஞ்ச நேரம் நிற்பாள். எதற்கு நிற்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஏதாவது சொல்லி அனுப்புவார்களா என்று நிற்கிறாள். பழக்கம். ஒன்றும் வராது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் பகலில் கடைக்கு வந்தாள்.

"என்னம்மா வேணும்? திருகாணியா, பலகை இடுக்குல பூசுற மக்கா?"

"ஒண்ணும் வேணாங்கா." கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தாள். "யாரும் ஒண்ணும் சொல்லி அனுப்பல."

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளாகப் பேசட்டும் என்று விட்டேன்.

"வீட்டுல ஒரே பேச்சுக்கா. சமையக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரு, அந்தப் பக்கம் ஒருத்தரு, என் தலைக்கு மேலயே பேசிக்கிறாங்க. நான் நடுவுல போனா நின்னுடுது. நான் எதையோ மாத்திடுவேனோன்னு பயம் போல." சிரிக்கப் பார்த்தாள். "அன்னிக்குக் கடல்ல என்ன பேசினீங்கன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டேன். அது ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

"கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"எனக்கு எனக்குன்னு பேச வரமாட்டேங்குதுக்கா. வாயைத் தொறந்தா, ‘உங்க தம்பி சொன்னாரு’ன்னுதான் வருது." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒரு சேதி சொல்றீங்களா? அவங்க ரெண்டு பேருகிட்டயும்?"

"சொல்லு."

வெகுநேரம் யோசித்தாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"‘அவளும் அன்னிக்கு அங்கதான் நின்னா. ரெண்டு உசுரு தண்ணியில கிடக்க, மழையில தனியா நின்னா. வந்ததும் ஏன் சொல்லலைன்னு கேட்டீங்க, பயந்துட்டியான்னு ஒருத்தரும் கேக்கல. நீங்க பேசின அத்தனை அசிங்கத்தையும் இத்தனை வருஷமா அவதான் முழுங்கினா. அவளை இன்னி வரைக்கும் சாப்பிட்டியான்னு கேட்டது கிடையாது.’ இதைச் சொல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முள்ளு எடுக்காமச் சொல்லுங்கக்கா."

கடையை அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். பெரியவர் புதுப்பலகையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார், சின்னவர் கீலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சேதி வந்திருக்கு" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். "யாருகிட்ட இருந்து?"

நிஜமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில், அவள் கொடுத்ததோடு என் பங்குக்கு நாலு முள்ளையும் சேர்த்தே சொன்னேன். சொல்லி முடித்ததும் சின்னவர் கீலைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் திருப்புளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் என்னிடம், "அவகிட்ட சொல்லுங்கக்கா..." என்று ஆரம்பித்தார்.

"நான் எதுக்குய்யா சொல்லணும்? அதோ இருக்கு கடை. உனக்குக் கால் இல்ல?"

எழுந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்து போய்க் கடை வாசலில் நின்றார். அவளும் எழுந்து நின்றாள். நான் படகு பக்கத்திலேயே இருந்துகொண்டேன், அங்கிருந்து பேச்சு கேட்காது. பேச்சும் இல்லை. தம்பிகிட்ட சொல்லு என்று தொடங்காமல் அவளிடம் எப்படித் தொடங்குவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. வாசல் நிலையைப் பிடித்தார், விட்டார், தொங்குகிற கயிறுகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில் அவர் உதடு அசைந்தது. ஒரு வார்த்தைதான் இருக்கும், ‘சாப்பிட்டியா’ என்று எனக்குப் பட்டது.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.